இயேசுவின் மானத்தைக் காப்பாற்றும் வேலை நமக்குத் தரப்படவில்லை

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. வேலை செய்யும் இடத்தில் இவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். ஒருநாள் கோபத்தில் சக ஊழியர் ஒருவரை எல்லார் முன்னிலையிலும் திட்டிவிட்டார். "இதைத்தான் உங்க இயேசு சொல்லிக்கொடுத்தாரா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். தன்னால் கிறிஸ்துவின் நாமத்துக்கே இழுக்கு வந்துவிட்டது என்று அன்றிலிருந்து இவருக்கு உறுத்தல். கூடவே இரண்டு கேள்விகள். விசுவாசத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது பேதுரு மறுதலித்ததற்குச் சமமா? ஸ்டேட்டஸில் தினமும் வசனம் வைப்பதும், தன்னைப் பற்றிய குறிப்பில் 'இயேசுவின் பிள்ளை' என்று போடுவதும் சாட்சி ஆகுமா?

திட்டிய விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் எளிது. போய் மன்னிப்புக் கேளுங்கள். எல்லார் முன்னிலையிலும் திட்டியிருந்தால் எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க" என்பதோடு நிறுத்திவிடுங்கள். "எங்கள் வேதத்தில் மன்னிப்பைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறதென்றால்..." என்று ஆரம்பித்தீர்களானால் அது பிரசங்கம் ஆகிவிடும். அவர் அதைக் கேட்க வரவில்லை.

உங்கள் உறுத்தலைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்தச் சக ஊழியரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. முழுக்க முழுக்க கிறிஸ்துவின் நாமத்தைப் பற்றிய கவலை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, பக்தியுள்ளவர்களுக்கே வருகிற கவலை இது. ஆனால் சபையின் வரலாற்றில் மிகப் பெரிய கேடுகள் சில இந்தக் கவலையிலிருந்துதான் வந்தன.

அயர்லாந்தின் டப்ளின் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் குருக்கள் சிலர் சிறுவர்களிடம் செய்த பாலியல் குற்றங்களை விசாரித்த மர்ஃபி ஆணையத்தின் அறிக்கை 2009 நவம்பரில் வெளிவந்தது. 1975 முதல் 2004 வரையான காலத்தை அது ஆராய்ந்தது. குறைந்தபட்சம் 1990-களின் நடுப்பகுதி வரை மறைமாவட்டத்தின் அக்கறையெல்லாம் எதில் இருந்தது என்று அது வரிசையாகச் சொல்கிறது: ரகசியம் காப்பது, இடறல் வராமல் தவிர்ப்பது, திருச்சபையின் நற்பெயரைப் பாதுகாப்பது, சொத்துகளைக் காப்பது. குழந்தைகளின் நலனும் பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதியும் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். அந்தப் பட்டியலின் நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். நற்பெயர். அந்த ஆயர்களில் பலர் தாங்கள் திருச்சபைக்கு நன்மை செய்வதாகவே நம்பியிருப்பார்கள். கத்தோலிக்கர் கதை என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. "வெளியே தெரிந்தால் சபைக்குக் கெட்ட பெயர்" என்ற பேச்சு எல்லாச் சபைப் பிரிவுகளிலும் கேட்கிற பேச்சுதான்.

ரோமர் 2:24-ஐ நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. தேவனுடைய நாமம் உங்களாலே புறஜாதிகளுக்குள்ளே தூஷிக்கப்படுகிறது என்ற வசனம். அதற்கு முந்தின வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். களவு செய்யக் கூடாது என்று பிறருக்குப் போதித்துவிட்டுத் தானே களவு செய்கிறவனைப் பார்த்துப் பவுல் அதைச் சொல்கிறார். விழுந்துவிட்டு, விழுந்தேன் என்று ஒத்துக்கொள்கிறவனைப் பார்த்து அல்ல.

பேதுருவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவிசேஷங்கள் எழுதப்பட்ட காலத்தில் அவர் சபையின் தூண்களில் ஒருவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்குப் பயந்து, 'அந்த மனுஷனை அறியேன்' என்று சத்தியம் பண்ணின சம்பவத்தைச் சத்தமில்லாமல் நீக்கியிருக்கலாம். நான்கு சுவிசேஷங்களிலும் அது இருக்கிறது. சீஷர்கள் யார் பெரியவன் என்று சண்டை போட்டது, எல்லாரும் விட்டுவிட்டு ஓடியது, எல்லாமே இருக்கிறது. தங்கள் தலைவர்களை அழகாகக் காட்டினால்தான் கிறிஸ்துவை உலகம் ஏற்கும் என்று முதல் தலைமுறை நினைக்கவில்லை.

பிற்காலத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1933-இல் ஜெர்மனியில் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கம் நாசிகளின் ஆதரவோடு சபைத் தேர்தலில் வென்றது. யூத வம்சத்தில் வந்த போதகர்களைப் பதவியிலிருந்து நீக்க அதே ஆண்டில் பிரஷ்யச் சபை விதி கொண்டுவந்தது. கிறிஸ்தவன் என்ற அடையாளம் இனத்தின் கொடியாக மாறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். அடுத்த ஆண்டு பார்மென் அறிக்கையின் மூலம் ஒரு பகுதியினர் இதை எதிர்த்தார்கள். போர் முடிந்தபின், 1945 அக்டோபரில், ஜெர்மன் புராட்டஸ்டன்ட் தலைவர்கள் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு குற்ற அறிக்கை வெளியிட்டார்கள். இன்னும் தைரியமாக அறிக்கையிடவில்லை, இன்னும் உண்மையாக ஜெபிக்கவில்லை, இன்னும் ஆழமாக அன்புகூரவில்லை என்று அவர்கள் தங்களையே குற்றம் சாட்டிக்கொண்டார்கள். கையெழுத்திட்டவர்களில் மார்ட்டின் நீமொல்லரும் ஒருவர். நாசி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர் அவர். "நான் எதிர்த்தவன், எனக்கென்ன" என்று ஒதுங்கியிருக்கலாம். அந்த அறிக்கை யூதர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்ற குறை இன்றும் பேசப்படுகிறது, நியாயமான குறைதான். ஆனாலும் மற்ற நாட்டுச் சபைகள் ஜெர்மன் சபையோடு மறுபடி பேச வழி திறந்தது அந்த ஒப்புதல்தான். தோற்றத்தைக் காத்ததால் அது நடக்கவில்லை.

சரி, அப்படியானால் கிறிஸ்தவன் எப்படி வாழ்ந்தாலும் ஒன்றுதானா? இல்லை. வெளியிலிருந்து பார்த்தவர்கள் எதைக் கவனித்தார்கள் என்று பாருங்கள், அப்போது விளங்கும்.

சுமார் கி.பி. 112-இல் பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவன் என்ற பெயரைத் தாங்குவதே தண்டனைக்குரியதா, அல்லது அந்தப் பெயரோடு சேர்ந்த குற்றங்களைத்தான் தண்டிக்க வேண்டுமா என்பது அவருடைய சந்தேகம். விசாரித்ததில் அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள், களவு செய்வதில்லை, கொள்ளையடிப்பதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுப்பதில்லை என்று உறுதி எடுக்கிறார்கள். இன்னும் ஏதாவது ரகசியம் இருக்கும் என்று சபையில் பணி செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து கேட்டார். அளவுமீறிய மூடநம்பிக்கை என்பதைத் தவிர வேறெதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதுகிறார். அந்தப் பெண்களின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை. கிறிஸ்தவத்தைப் பற்றி ரோம ஆட்சியாளர் ஒருவர் எழுதிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இது, அதற்குச் சாட்சி சொன்னவர்களில் இந்த இருவரும் உண்டு.

இரண்டரை நூற்றாண்டு கழித்து, 362 வாக்கில், பேரரசர் யூலியன் பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநாட்டப் பாடுபட்டார். கிறிஸ்தவர்களை அவருக்கு அறவே பிடிக்காது. அவர் தன்னுடைய பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளைப் போதாதென்று நம்முடைய ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று புலம்புகிறார். எதிரி கொடுத்த சான்றிதழ் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. இவர்களில் யாரும் உலகத்துக்கு முன் தங்களை எப்படிக் காட்டுவது என்று உட்கார்ந்து திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. ஏழைக்குச் சோறு போட்டார்கள், அது அரசர் காது வரை போயிற்று.

இனி மலைப்பிரசங்கத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்விக்கு முக்கியமான இடம் அது. மத்தேயு 5:16-இல், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் காணும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்கிறார் இயேசு. அதே பிரசங்கத்தில் 6:1-இல், மனுஷர் காணவேண்டுமென்று உங்கள் தர்மத்தைச் செய்யாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். காட்டவா, மறைக்கவா? வழக்கமாகத் தரப்படும் பதில் நோக்கத்தைப் பற்றியது. முதலாவதில் மகிமை பிதாவுக்குப் போகிறது, இரண்டாவதில் நமக்கு வருகிறது. சரியான பதில்தான், ஆனால் எனக்கு அது போதவில்லை. நம் நோக்கம் என்னவென்று பாதி நேரம் நமக்கே தெரியாது.

ஆறாம் அதிகாரத்தில் எவற்றை மறைக்கச் சொல்கிறார் என்று பாருங்கள். தர்மம், ஜெபம், உபவாசம். மூன்றும் பக்தியின் செயல்கள். வெளிச்சம் என்று சொல்வதற்கு முன்னால் என்ன பேசிக்கொண்டிருந்தார்? சாந்தகுணம், இரக்கம், இருதய சுத்தம், சமாதானம் பண்ணுதல், நீதியின்மேல் பசிதாகம். இவற்றில் பெரும்பாலானவற்றை அறைக்குள் தனியாக உட்கார்ந்து செய்யவே முடியாது. இரக்கம் காட்ட இன்னொருவர் வேண்டும். சமாதானம் பண்ண சண்டை போட்ட இரண்டு பேர் வேண்டும். அவை தாமாகவே வெளியே தெரியும், யாரும் காட்ட வேண்டியதில்லை. நாமோ பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். மறைக்கச் சொன்ன ஜெபத்தையும் உபவாசத்தையும் படம் எடுத்துப் போடுகிறோம், தெரிய வேண்டிய சாந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போகிறோம்.

இன்னொன்று. அந்த மலையில் இயேசு பேசியது ஒரு கூட்டத்தோடு. மலைமேல் இருக்கிற பட்டணம் என்றால் அதில் பல வீடுகள் உண்டு. யோவான் 13:35-இலும், நீங்கள் ஒருவரிலொருவர் அன்பாயிருந்தால் அதனால் எல்லாரும் உங்களை என் சீஷர்கள் என்று அறிந்துகொள்வார்கள் என்கிறார். அடையாளம் தனிமனிதனின் குறையற்ற நடத்தையில் வைக்கப்படவில்லை, நமக்குள் இருக்கிற உறவில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அலுவலகத்தில் கிறிஸ்தவம் முழுவதையும் ஒற்றை ஆளாக நீங்கள் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சபைப் பிரிவுகளாகச் சிதறிக்கிடக்கிற நாம், ஒரு விசுவாசியின் கோபத்தைப் பற்றி இவ்வளவு பதறுவது கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருக்கிறது.

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பிரதிநிதிகள், ஏறக்குறைய எல்லாரும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள். அங்கே பேச வாய்ப்புப் பெற்ற மிகச் சில ஆசியர்களில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் ஒருவர். இரண்டு ஆண்டு கழித்து இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானவர். மிஷனரிகளின் தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். 1 கொரிந்தியர் 13-ஐ அவர்களுக்கே திருப்பிப் படித்துக் காட்டியது போல. அரங்கில் பலருக்குக் கசந்தது. கிறிஸ்துவைப் பிரதிநிதித்துவப்படுத்த உயிரையே கொடுத்தவர்கள், கூட வேலை செய்கிறவரைச் சமமாக உட்காரவைக்கத் தவறியிருந்தார்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் மக்கள் கண்ணில் பட்டது.

அப்புறம், பேசுவதா பேசாமல் இருப்பதா.

"எப்போதும் சுவிசேஷம் அறிவியுங்கள், தேவைப்பட்டால் மட்டும் வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள்" என்று அசிசி பிரான்சிஸ் சொன்னதாக ஒரு வாசகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவருடைய எழுத்துகளில் அப்படி எதுவும் கிடையாது. அவர் நன்றாகப் பிரசங்கம் செய்த மனிதர். ஆனால் 1221-இல் தன் சகோதரர்களுக்கு எழுதிய ஒழுங்குவிதியில், இஸ்லாமியர் நடுவே போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் சொல்கிறார். ஒன்று, வாக்குவாதமும் சச்சரவும் செய்யாமல், கடவுளின் பொருட்டு எல்லா மனிதருக்கும் கீழ்ப்பட்டு நடந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று அறிக்கையிடுவது. மற்றது, கடவுளுக்குப் பிரியம் என்று தெரியும்போது அவருடைய வார்த்தையை வெளிப்படையாக அறிவிப்பது. இதை எழுதுவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, எகிப்தின் தமியேத்தா அருகே போர்முனையைக் கடந்து சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துவிட்டு உயிரோடு திரும்பியவர் அவர். அனுபவத்தில் எழுதினது.

உங்களுக்கு முதல் வழி போதும் என்று நினைக்கிறேன். அதில் இரண்டு பாதி இருப்பதைக் கவனியுங்கள். சச்சரவு வேண்டாம், ஆனால் கிறிஸ்தவன் என்பதை மறைக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டால் ஆராதனைக்குப் போனேன் என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். பேதுரு பேசாமல் இருந்ததற்காக அழவில்லை, நேராகக் கேட்டபோது பொய் சொன்னதற்காக அழுதார். யாரும் கேட்காதபோது நீங்கள் உங்கள் வேலையைப் பார்ப்பது மறுதலிப்பு ஆகாது. பிற்பாடு பேதுருவின் நிருபத்திலேயே (1 பேதுரு 3:15) வழி இருக்கிறது: உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள். கேட்கிறவர்களுக்கு. சாந்தத்தோடு. நாம் ஆயத்தத்தை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிட்டுவிடுகிறோம்.

இதில் பல தரப்பும் ஒத்துக்கொண்ட ஓர் ஆவணமும் உண்டு. உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவை, உலக சுவிசேஷக் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து 2011-இல் வெளியிட்டது. ஏமாற்றும் வழிகளும் வற்புறுத்தலும் சுவிசேஷத்துக்குத் துரோகம், ஏழ்மையையும் தேவையையும் பயன்படுத்தி ஆசைகாட்டக் கூடாது, பிற மதத்தாரைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது, அவர்கள் நம்புவதைக் காதுகொடுத்துக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்பவை அதன் சாரம். 

உறுதியாக நிற்க வேண்டிய இடம் வருமா என்றால், வரும். பொய்க் கணக்கு எழுதச் சொன்னால், ஒருவரை அநியாயமாகச் சிக்கவைக்க உதவச் சொன்னால் அங்கே "என்னால் முடியாது" என்றுதான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பதற்கு ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடெல் நல்ல மாதிரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்ததும் விலகிக்கொண்டார். போட்டியை மாற்றச் சொல்லிப் போராடவில்லை, ஓடியவர்களைக் கண்டிக்கவும் இல்லை. 400 மீட்டரில் ஓடி 47.6 விநாடிகளில் தங்கம் வென்றார். கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது பிற்பகுதி. மிஷனரியாகச் சீனா போனவர், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரின் வெய்சியன் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு அன்று விளையாட்டு நடத்த முதலில் அவர் சம்மதிக்கவில்லை. நடுவர் இல்லாமல் தாங்களே விளையாடிய பிள்ளைகள் சண்டையில் போய் முடிந்தார்கள். அடுத்த ஞாயிறு நடுவராகப் போய் நின்றது லிடெல்தான். தங்கப் பதக்கத்துக்காக விட்டுக்கொடுக்காததை அடித்துக்கொள்கிற பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். தனக்கு எதில் உறுதி வேண்டும், யாருக்காக அதைத் தளர்த்தலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1945 பிப்ரவரியில் மூளைக்கட்டியால் அதே முகாமில் இறந்தார்.

கடைசியாக ஸ்டேட்டஸ் வசனமும் 'இயேசுவின் பிள்ளை'யும். இதில் பாவமும் இல்லை, பெரிய புண்ணியமும் இல்லை. சிலுவைச் சங்கிலி அணிவது வரை இதே கதைதான். பிரிட்டனில் வேலையிடத்தில் சிலுவை அணிந்த வழக்குகள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயின. 2013 தீர்ப்பில் விமான நிறுவன ஊழியர் ஒருவருக்கு அந்த உரிமை உண்டென்றது நீதிமன்றம். மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் விஷயத்தில், பாதுகாப்புக் காரணத்துக்காகத் தடுத்தது சரி என்றது. அணிய உங்களுக்கு உரிமை உண்டு. நோயாளிக்கு ஆபத்து என்றால் கழற்றி வைப்பதும் விசுவாசக் குறைவு ஆகாது.

உங்களுக்கு ஆறுதல் தந்த வசனமென்றால் தாராளமாக வையுங்கள். யாரையோ குத்துவதற்காகத் தேடிப்பிடித்த வசனமென்றால் வேண்டாம், சம்பந்தப்பட்டவருக்கு அது புரிந்துவிடும். 'இயேசுவின் பிள்ளை' என்று போட்டுக்கொண்டால், அதே கணக்கிலிருந்து பிற மதத்தாரை இழித்துப் பேசும் பதிவுகளைப் பகிர்வதையும், சரிபார்க்காத செய்திகளை அனுப்புவதையும், நள்ளிரவு வரை வாக்குவாதம் செய்வதையும் விட்டுவிட வேண்டிவரும். விட முடியாது என்று தோன்றினால் அந்த வரியை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். ஆனால் மன்னிப்புக் கேட்கப் போவதை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், அதை நாளைக்கே செய்யலாம்.